விழுந்தால் தூக்கக்கூடிய வண்டி

மாட்டு டாக்டரம்மா பைக் வாங்கப் போகிறாள் என்றதும், வண்டியே ஓட்டத் தெரியாதவர்கள்கூட யோசனை சொல்லக் கிளம்பிவிட்டார்கள். மலைக்குப் பெரிய இன்ஜின்தான் சரிப்படும் என்றார் அவள் கணவர். தார் ரோட்டில் லாரிக்காரன் மதிக்க வேண்டுமானால் வண்டி கனமாக இருக்கணும் என்றான் தம்பி. எல்லாருக்கும் தலையாட்டிவிட்டுத் தன் போக்கில் இருந்தாள் அவள். அழுத்தக்காரி.

போன மழையில் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். மலைத் தொழுவம் ஒன்றில் கன்று போட முடியாமல் ஒரு பசு தவிப்பதாகப் போன் வந்தது. பாதி வழியில் பழைய வண்டி சேற்றில் சாய்ந்தது. முரட்டுக் காளையையே கயிறு போட்டுப் படுக்க வைப்பவளால் அந்த இரும்பை அசைக்க முடியவில்லை. விறகு வெட்டப் போனவர்கள் வந்து தூக்கிவிடுவதற்குள் பசுவும் போயிற்று, கன்றும் போயிற்று. மாட்டுக்காரி ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இவள் நெஞ்சை அறுத்தது. இன்னொரு முறை இப்படி ஆனால் மலைப் பகுதியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்று மேலதிகாரி கறாராகச் சொல்லிவிட்டார்.

கடையில், கணவர் ஆசையாகத் தடவிக்கொண்டிருந்த பெரிய வண்டியைக் காட்டி, "இதைக் கீழ படுக்க வைங்க," என்றாள். விற்பனையாளருக்கு முகம் செத்துப்போயிற்று. அவள் கெஞ்சிக் கூத்தாடியபின் சாக்கை விரித்துப் படுக்க வைத்தார்கள். தம் கட்டி இழுத்துப் பார்த்தாள். ம்ஹூம்.

மூலையில் ஒல்லியாக ஒன்று நின்றது. ரோட்டிலும் ஓடும், காட்டுத் தடத்திலும் ஓடும் ரகம். சீட்டு உயரம், ஏறி உட்கார்ந்தால் ஒரு காலின் நுனிதான் தரையைத் தொட்டது. லாரி கடந்தால் காற்றுக்கு ஆடும் என்று விற்பனையாளரே ஒப்புக்கொண்டார். ஆடினால் ஆடட்டும், மெதுவாகப் போகிறேன் என்றாள்.

அதையும் சாய்த்தார்கள். சீட்டுக்கு முதுகைக் கொடுத்துக் குந்தி, ஒரு கையில் ஹேண்டில்பாரும் மறு கையில் பின்கம்பியுமாகப் பிடித்து, காலை ஊன்றி உந்தினாள். பாதி எழுந்த வண்டி அப்படியே நின்றது. கணவர் பதறிப்போய் ஓடிவந்து பிடித்தார்.

"கையை எடுங்க."

"விழுந்துடும்மா."

"மலையில நீங்க இருக்க மாட்டீங்க."

அவர் கையை எடுத்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி உந்தினாள். வண்டி நிமிர்ந்தது. கணவர் விலை பேசத் திரும்பினார். அவள் மூச்சு வாங்க விற்பனையாளரைப் பார்த்தாள்.

"திரும்பப் படுக்க வைங்க. மருந்துப் பெட்டியைக் கட்டிட்டுத் தூக்கிப் பாக்கணும்."