லா ஷப்பலில் ஒரு மெல்பரி

ஒபர்வில்லியே நண்பரின் கடிதம், 2014 மார்ச்: “நீங்கள் தேடும் மெல்பரி என்ற ஆங்கிலக் குடும்பப் பெயரோடு, இங்கே பாரிஸின் லா ஷப்பலில் ஒரு தமிழர் மரக்கறிக் கடை வைத்திருக்கிறார்.”

குடும்பப் பெயர்களை ஆராயும் நான் அந்தக் கடையில் நிற்கிறேன். வெளியே மேம்பாலத்தில் மெட்ரோ கடக்கிறது. முருங்கைக்காய்களின் மேல் வெயில், தண்ணீருக்குள் விழுந்ததுபோல் அசைகிறது.

“மிஷன் பள்ளிக்கூடத்திலை என்ரை பூட்டனுக்கு வைச்ச பேர், அண்ணை. அவரைப் படிப்பிக்க உதவின வெள்ளைக்காரன்ரை பேராம்,” என்கிறார் கடைக்காரர்.

கல்லாவில் இருக்கும் அவருடைய ஒரே மகள் நிறைமாதக் கர்ப்பிணி. பிள்ளைக்குக் கணவனின் தமிழ்க் குடும்பப் பெயர்தான் என்று தீர்மானித்துவிட்டாள்.

“வாடகைக்கு வீடு கேட்டா, போனிலை ‘வாங்கோ மதாம் மெல்பரி’ எண்டினம். போனா, முகத்தைப் பார்த்திட்டு வீடு குடுத்தாச்சு எண்டினம்.”

“மருமோன்ரை பேரைச் சொன்னா போனையே வைச்சிடுவாங்கள், பிள்ளை.”

“நல்லதுதானேப்பா. மெட்ரோ டிக்கெட் மிச்சம்.”

அவர் சிரிக்கிறார். லண்டன் ரயில் புறப்படும் நிலையம் இங்கிருந்து நடை தூரம். அவர் லண்டனுக்கு ஒருமுறையும் போனதில்லை.

“இங்கிலாந்திலை எங்கடை பேரோடை இப்பவும் ஆரும் இருக்கினமோ, அண்ணை?”

அங்குள்ள பழைய தேவாலயப் பதிவுகளில் அந்தப் பெயரைப் பார்த்திருக்கிறேன். இன்று வாழும் ஒருவரையும் கண்டுபிடித்ததில்லை.

“இருக்காங்க,” என்கிறேன்.

அது இன்னும் சரிபார்க்கப்படாத தகவல்.