புதுச்சேரியில் சாமியார்கள் தங்கும் வீடு: அண்ணனோடு ஒரு மதியம்

பொங்கல் கூட்டம் வடிந்ததும் நானும் அண்ணனும் புதுச்சேரி போனோம். அண்ணன் ஒரு காலத்தில் கத்தோலிக்கச் சாமியார். பிறகு குருத்துவத்தை விட்டுக் கல்யாணம் செய்துகொண்டார். குருப்பட்டம் வாங்கிய புதிதில் தங்கிய குருக்கள் இல்லத்தை மறுபடி பார்க்க அவருக்கு ஆசை. விழுப்புரத்திலிருந்து நாற்பது கிலோமீட்டர்தான். ஆனால் விட்டுப்போனவனை எப்படி நடத்துவார்களோ என்ற பயத்தில் பல வருடம் தள்ளிப்போட்டார்.

பஸ் நிலையத்திலிருந்து ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய். "சாமியாருங்க தங்குற எடமா? நமக்குலாம் ரூம் குடுக்க மாட்டாங்க சார்" என்றார் ஓட்டுநர். அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. நல்ல நேரம் பார்த்துச் சொன்னார் மனிதர்!

உள்ளே போனதும் தெருச் சத்தம் நின்றுவிட்டது. சுண்ணாம்புச் சுவர், உயரமான சன்னல்கள், நீள வராந்தா முழுக்கக் கடல்காற்று. பாதித் தூக்கத்தில் நடப்பதுபோல் இருந்தது. பொறுப்பில் இருந்த ஃபாதர் அரியாங்குப்பத்துக்காரர். அண்ணன் தன்னைப் பற்றி மறைக்காமல் சொன்னார். "அதனால என்னா, சாப்ட்டுட்டுதான் போவணும்" என்றார் அவர்.

வீட்டின் கதையையும் அவர்தான் சொன்னார். கப்பல் காலத்தில் பிரான்ஸிலிருந்து வந்த குருக்கள் இங்கே தங்கித்தான் வெயிலுக்கும் தமிழுக்கும் பழகினார்களாம். பிறகு மாட்டுவண்டியில் கிராமங்களுக்குப் போவார்கள். காய்ச்சலோடு திரும்புகிறவர்களும் இங்கேதான் படுப்பார்கள். சிலர் எழுந்தார்கள், சிலர் எழவில்லை. இப்போது ஆஸ்பத்திரிக்கும் விசாவுக்கும் வருகிற குருக்கள் தங்குகிறார்கள். கேட்கக் கேட்க, எது அந்தக் காலம், எது இந்தக் காலம் என்றே பிடிபடவில்லை.

சாப்பாட்டு மணி அடித்தது. இங்கே வயது, பதவி பார்ப்பதில்லை. குருப்பட்டம் வாங்கிய வருட வரிசையில்தான் மேசையில் உட்கார வேண்டும். வெளியாட்களுக்குக் கடைசி முனை. நான் அங்கே உட்கார்ந்தேன். அண்ணனும் என் பக்கத்து நாற்காலியை இழுத்தார்.

"உங்களுக்கு எந்த வருஷம் பட்டம்?" என்றார் ஃபாதர்.

"நான்தான் விட்டுட்டேனே சாமி."

"அதக் கேக்கல. பட்டம் எந்த வருஷம்?"

அண்ணன் மெதுவாகச் சொன்னார். மேசை நடுவில் இருந்த ஒருவர் தன் தட்டை எடுத்துக்கொண்டு ஒரு இடம் தள்ளி உட்கார்ந்தார். "வாங்க. நான் உங்களுக்கு அடுத்த வருஷம்." அவருக்கு அடுத்து இருந்தவர்களும் ஒவ்வொரு இடம் நகர்ந்தார்கள். அண்ணன் எழுந்துபோய் அந்த நடு இடத்தில் உட்கார்ந்தார்.

போக நினைப்பவர்களுக்கு: இது லாட்ஜ் அல்ல. உங்கள் ஊர்ச் சர்ச்சின் பங்குச் சாமியார் மூலம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். காலையிலேயே போனால் வராந்தாவில் வெயில் இருக்காது. குருத்துவத்தை விட்டவர் யாராவது வீட்டில் இருந்தால் தயங்காமல் கூட்டிப் போங்கள். அண்ணன் மீன் குழம்பை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மேசை முனையில் தனியாக இருந்த எனக்குத்தான் சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை.