காற்றில்லாமல் பிடித்த பிரேக்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் இது நடந்தது. 1957, ஆடி மாதம், பட்டப்பகலில், முத்தியால்பேட்டையில் தேவதாஸ் வீட்டு வாசலில். அவரே சொல்லிக் கேட்டேன். சொல்லும்போது அவர் குரலில் பயத்தைவிடக் கோபம்தான் இருந்தது.

தேவதாஸ் பஸ் டிரைவர். பஸ் பிரெஞ்சுக்காரன் காலத்துப் பழசு. முதலாளி ழான்-மரி, சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த தமிழர். அன்று காலை குருசுக்குப்பம் திருப்பத்தில் பிரேக் பிடிக்கவில்லை. மீன்கூடையோடு நின்ற ஒரு பெண் மயிரிழையில் தப்பினாள்.

"பிரேக் பாக்கணும் முசே" என்று முதலாளியிடம் சொன்னார் தேவதாஸ்.

"உனக்குத் தொடை நடுங்குதுன்னு சொல்லு" என்று சிரித்தார் முதலாளி.

அந்தச் சிரிப்புதான் தேவதாஸை எரித்தது. பஸ்ஸை நேராக வீட்டுக்கு ஓட்டிவந்துவிட்டார். பேட்டரி சரியில்லாத வண்டி, சரிவில் உருட்டினால்தான் கிளம்பும். ஆகவே வாசலில் இருந்த மண்மேட்டிலேயே நிறுத்தினார். நாலு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை வைத்தார். ஒவ்வொன்றையும் உதைத்துப் பார்த்தார். அப்புறம்தான் கை பிரேக்கை விட்டார். அதை விட்டால்தான் சக்கரத்தில் பிரேக் எவ்வளவு பிடிக்கிறது என்று தெரியும். காற்றில் பிடிக்கும் பிரேக் அது, காற்று இல்லையென்றால் பிடிக்காது. டாங்கியில் காற்று ஏற்றி எஞ்சினை நிறுத்திவிட்டு, ஸ்பேனரோடு அடியில் நுழைந்தார்.

மணி 12.20.

மனைவி கமலா டிரைவர் சீட்டில். அவர் "மிதி" என்றால் மிதிக்க வேண்டும். காற்று போய்த் தள்ளும், பிரேக் கம்பி வெளியே வரும். எவ்வளவு வருகிறது என்று அளந்து, திருகி, முடுக்க வேண்டும். "விடு" என்றால் விட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

இரண்டு சக்கரம் ஒழுங்காக முடிந்தது.

மூன்றாவதில், அவர் வாய் திறக்கும் முன்பே கம்பி வந்தது.

"சொல்றதுக்கு முன்ன ஏன் மிதிக்கிற? விரல் மாட்டினா என்ன ஆவுறது?"

"நான் மிதிக்கலையே..."

"அப்ப யாரு மிதிச்சது?"

மேலே சீட்டு கிறீச்சிட்டது. பிறகு கமலா மெல்லச் சொன்னாள். "என் காலு சீட்டு மேல இருக்குதுங்க. பெடலு தானா இறங்குது."

வால்வு பழுது, வேறென்ன என்று நினைத்தார் தேவதாஸ். இந்த வண்டியையா ரோட்டில் ஓட்டச் சொன்னான்? கோபம் இன்னும் ஏறியது. நாலாவது சக்கரத்தையும் முடித்தார். கமலாவை வீட்டுக்குள் அனுப்பினார். இனிக் கம்பி தானாக வரக்கூடாது என்று, டாங்கியின் அடியில் இருந்த திருகைத் திறந்து காற்று முழுவதையும் வெளியேற்றினார்.

புஸ்ஸ்ஸ்... அடங்கியது.

கடைசிப் பின்னை மாட்டும்போது ஆலையில் ஒரு மணிச் சங்கு ஊதியது. கூடவே பூட்ஸ் சத்தம்.

"டேய்! வண்டிய எவன்டா இங்க கொண்டாரச் சொன்னது?"

முதலாளி.

"முசே, அடியில இருக்கேன்! கட்டையத் தொடாதீங்க!"

டக். ஒரு கட்டை உருண்டது.

"முசே!"

டக். இன்னொன்று.

"நீ வெளிய வர்ற வரைக்கும் நான் காத்திருக்கணுமா?"

டக்... டக்.

மண்ணில் பதிந்து நின்ற வண்டியில் முதலாளி ஏறி உட்கார்ந்தார். வண்டி அசைந்தது. பின்சக்கரம் தேவதாஸின் இடுப்பை நோக்கி ஒரு சாண் உருண்டது.

நின்றது.

கண்ணுக்கு முன்னே பிரேக் கம்பி முழுசாக வெளியே வந்திருந்தது. காற்றே இல்லாத டாங்கி. திறந்து கிடக்கும் திருகு.

கம்பி நடுங்கியது...

பல்லைக் கடிக்கிற மாதிரி ஒரு சத்தம்.

தேவதாஸ் புரண்டு வெளியே வந்தார். மேலே பார்த்தார். முதலாளியின் இரண்டு கால்களும் சீட்டின் மேல் இருந்தன. முகத்தில் ரத்தமே இல்லை. பெடல் தரையோடு அழுந்திக் கிடந்தது.

காற்று மீட்டரில் முள், பூஜ்யம்.

"இருசப்பா..." என்று முனகினார் முதலாளி. "காலை எடுடா... எடுத்துடுடா..."

"யாருடா இருசப்பன்?" தேவதாஸ் அவர் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தார். "ஆளு அடியில இருக்கேன்னு கத்தினேனே! காது இல்ல உனக்கு?"

இருவரும் மண்ணில் விழுந்தார்கள்.

டப்.

பெடல் எழும்பியது. பஸ் சரிவில் ஓடித் தென்னை மரத்தில் மோதி நின்றது.

முதலாளி எழுந்து ஓடினார். தேவதாஸ் விடவில்லை. மற்ற டிரைவர்களிடம் இருசப்பன் யார் என்று கேட்டார். முன்னாடி அதே பஸ்ஸில் மெக்கானிக், வீடு குருசுக்குப்பம் என்றார்கள். சாயங்காலம் போனார். வாசலில் பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

இருசப்பன் மனைவி பச்சையம்மாள் அழவில்லை. பேசினாள்.

"நாலு வருசம் முன்ன இவுரு அடியில இருக்கும்போதே மொதலாளி கட்டைய எடுத்துட்டாரு. தென்னமரத்துல இருந்து வுழுந்ததா சொல்லச் சொல்லி மிரட்டினாரு. அன்னிலேருந்து இடுப்புக்குக் கீழ உசுரு இல்ல, பேச்சும் இல்ல. இன்னிக்குப் பன்னண்டரைக்கு மேல அந்தக் காலு ஒரு தடவ தானா அசைஞ்சிது. ஒரு மணிச் சங்கு ஊதினதும், 'அடியில ஆளு இருக்குது!'ன்னு ஒரே கத்து. வலது காலச் சுவத்துல வச்சி மிதிச்சாரு. பல்லக் கடிச்சிக்கிட்டு. நாலு பேரு புடிச்சி இழுத்தும் எடுக்க முடியல. கொஞ்ச நேரத்துல அவராவே காலை வுட்டாரு... அதோட போயிட்டாரு."

உள்ளே கூட்டிப்போய்க் காட்டினாள்.

மண்சுவரில் ஒரு பாதம். ஐந்து விரலும் குதிகாலும் தெளிவாக. நாலு விரற்கடை ஆழம்.