சுவருக்கு மேலே வந்த கை

இந்த ஊரில் ஓர் இலையைக்கூடச் சொல்லித்தான் கொடுக்கிறார்கள், சொல்லித்தான் வாங்க வேண்டும். லிஸ்பனில் எங்கள் அறைக்குக் கீழ்வீட்டில் இருக்கும் தோனா லூர்துஸ் தன் சதைப்பற்றுச் செடியிலிருந்து சில தடித்த இலைகளைக் கிள்ளி நீட்டினார். நான் நம் வழக்கப்படி தலையை ஆட்டினேன். வேண்டாம் என்கிறேன் என்று எண்ணிக் கையை இழுத்துக்கொண்டார். ‘ஒப்ரிகாது’ என்று வாய்விட்டு நன்றி சொன்ன பிறகுதான் இலை என் கைக்கு வந்தது.

எட்டாவதோடு நின்றவன் நான். திருப்பூர் பனியன் கம்பெனி, பம்பாய் ஓட்டல், துபாய் என்று சுற்றி இங்கே தட்டுக் கழுவ வந்து சேர்ந்தேன். எங்கும் இருப்புக்கொள்ளாது. முதல் விடுமுறையில் சொந்த ஊரான ஆரணிக்குப் போனபோது இதே மாதிரி இலைகளைக் காலுறைக்குள் சுருட்டிக் கொண்டுபோனேன். கிள்ளிய இடம் காயும்வரை சும்மா போட்டு வை, பிறகு மணல்மேல் கிடத்து, மயிர்போல வேர் விடும்வரை தண்ணீர் ஊற்றாதே என்று மனைவி ரேவதிக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவள் பெயிண்ட் டப்பாக்களில் வளர்த்துச் சுற்றுச்சுவர்மேல் வரிசையாக வைத்தாள். போனில் அதைக் காட்டி, என் செடி என்று அறைக்காரர்களிடம் பீற்றிக்கொள்வேன்.

போன கோடையில் மறுபடி போயிருந்தேன். ஒரு காலை பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கை வந்து, ஒரு செடியின் தலையைப் பட்டென்று ஒடித்தது.

“யாரு அது? திருடிகினு போறதுக்கா வெச்சிருக்கோம்? கேட்டு எடுக்கத் தெரியாதா?”

தெருவுக்கே கேட்கக் கத்தினேன். எட்டிப் பார்த்தால் பக்கத்து வீட்டுக் காமாட்சி அக்கா. பட்டுத்தறி நெய்பவர். ரேவதி காய்ச்சலில் விழுந்தபோது தோளில் சாய்த்துக்கொண்டு வேலூருக்குப் பஸ்ஸில் அழைத்துப்போனவர். நான் இல்லாத வீட்டுக்கு அவர்தான் துணை.

“இன்னாடா வெளிநாட்டுக்காரா, ஒரு துண்டுக்கா இம்மாங் கூச்சலு?” என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. எதிர்வீட்டில் இரண்டு தலைகள் தெரிந்தன. அவர் சிரிப்பு நின்றது. ஒடித்த துண்டைச் சுவர்மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

வாசல் பெருக்கிக்கொண்டிருந்த ரேவதி துடைப்பத்தை வீசினாள்.

“ஏன்யா, மூளை கீது இருக்குதா? கேட்டு வாங்குனா செடி வேர் புடிக்காது, திருடி வெச்சாதான் வரும்னு உனக்குத் தெரியாது?”

“அதுக்காக என் செடிய...”

“உன் செடியா? நீ கொண்டாந்தது போன மழையில மொத்தமும் அழுவிப் பூடுச்சி. அக்கா முன்னாடியே ஒடச்சிகினு போனது அவங்க மாடியில இருந்துச்சி. அதுலருந்து நான் திருடியாந்து வெச்சதுதான் இது எல்லாம்.”

எனக்குத் தெரியாத வழக்கமல்ல இது. ஒடிக்க வருகிறவளைக் கண்டால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வதுதான் எங்கள் தெருவில் கொடுக்கும் முறை. என் கழுத்து எந்த ஊரில் அதை மறந்ததோ.

சாயங்காலம் இருப்பதிலேயே நல்ல டப்பாவாகப் பார்த்து எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். தறியிலிருந்து எழுந்து வந்து இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

“ரொம்ப தேங்க்ஸ்ங்க. உக்காருங்க. காப்பி சாப்பிடறீங்களா?”

அதுவரை என்னை வாடா போடா என்றே கூப்பிட்டவர்.

“வேணாங்க்கா” என்று சொல்லித் திரும்பினேன். அடுத்த வாரம் விமானம் ஏறிவிட்டேன். ரேவதி அங்கேயேதான் இருக்கிறாள்.

நேற்று பேசும்போது அவளுக்கு மூச்சு வாங்கியது.

“மோட்டாரு ரிப்பேரு. தெருக்கோடி கொழாய்லருந்து தண்ணி தூக்கியாறேன்.”

“அக்கா வீட்ல புடிக்கலாமே?”

“எந்த மூஞ்ச வெச்சிகினு போயி கேக்குறது?”

செடியைக் காட்டு என்றேன். ஒருவரும் ஒடிக்காததால் டப்பாக்களில் தலை கொள்ளாமல் வளர்ந்து, சுவரின் இருபக்கமும் வழிந்து தொங்குகின்றன. அழகாக இருக்கிறது என்றார்கள் அறைக்காரர்கள். எங்காவது ஒரு துண்டு குறைந்திருக்கிறதா என்று திரையை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.