மாடியைப் பெருக்காத வருடம்

அம்மா மறைந்து ஓராண்டு ஆகிவிட்டது. இந்த நினைவு மலரை அச்சடிக்கப் போகிறோம் என்றதும் சொந்தபந்தம் எல்லாரும் எனக்குப் போன் செய்து ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள்: "உங்கம்மா சுத்தத்தப் பத்தி எழுது." சரி, எழுதுகிறேன். ஆனால் எழுதினால் முழுக்க எழுதுவேன், நடுவில் யாரும் முகம் சுளிக்கக் கூடாது.

அம்மா பிறந்தது ஆரம்பாக்கத்துப் பக்கம், கூலி வேலை செய்து பிழைத்த குடும்பத்தில். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. நடவுக்கும் களையெடுப்புக்கும் போனார். என் அப்பாவுக்கு, நாங்கள் நைனா என்போம், கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் ஆலையில் வேலை. அவரைக் கல்யாணம் செய்துகொண்டு வந்து அம்மா குடியேறியது தொழிற்பேட்டை மதிலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்த ஓர் ஓலை வீட்டில். இருபது வருடம் கழித்து அதே இடத்தில் மொட்டை மாடியோடு இந்த வீட்டைக் கட்டினார்கள். சித்தாளுக்குக் கூலி கொடுக்க மனசில்லாமல் அம்மாவே கல்லும் மண்ணும் சுமந்தார்.

எங்கள் தெருவில் கரி விழும். காலையில் காயப்போட்ட வெள்ளைச் சட்டையை மத்தியானம் எடுத்து உதறினால் கை கறுப்பாகும். மழை மூட்டம் போட்டால் புகை மேலே போகாமல் தெருவுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். அம்மாவுக்கும் அந்தக் கரிக்கும் ஜென்மப் பகை. ஒரு நாளைக்கு நாலு தடவை பெருக்குவார். குடத்தின் கழுத்தைத் துடைப்பார், கதவின் மேல்விளிம்பைத் துடைப்பார், நைனா ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தால் அவரையும் துடைத்துவிடுவார். யாராவது வந்து "உன் ஊடு கண்ணாடி மாறி கீதுக்கா" என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பெருக்கிக்கொண்டே இருமுவார். பல வருடமாக இருந்த இருமல் என்பதால் நாங்கள் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நான் கல்யாணமாகி வேப்பம்பட்டுக்குப் போன பிறகு ரேவதி என்ற ஆராய்ச்சி மாணவி எங்கள் தெருவுக்கு வந்தார். இந்தக் காற்றில் என்ன தூசி இருக்கிறது, அதைச் சுவாசிப்பவர்களுக்கு என்ன ஆகிறது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. சில வீட்டு மாடிகளில் ஒரு மிஷினை வைத்தார்கள். எங்கள் வீட்டிலும் ஒன்று. அது உறுமிக்கொண்டே காற்றை உறிஞ்சும். உள்ளே சின்ன அப்பளம் அளவில் ஒரு வெள்ளைத் தாள். தூசி அதில் ஒட்டும். மூன்று நாளைக்கு ஒருமுறை தாளை இடுக்கியால் எடுத்து டப்பாவில் போட்டு, புதுத் தாள் வைத்து, நேரத்தைக் குறிக்க வேண்டும். அம்மா பொறுப்பாகச் செய்தார். நுரையீரலின் பலத்தை அளக்க, வீட்டில் இருப்பவர்களை ஒரு குழாயில் ஊதச் சொல்லியும் பார்த்தார்கள். "இன்னும் ஊதுங்கம்மா, இன்னும் கொஞ்சம்" என்றார் ரேவதி. "கீறது அவ்ளோதான். இருந்தா ஊத மாட்டனா?" என்றார் அம்மா. எல்லாரும் சிரித்தார்களாம்.

தெருவே அந்த ஆராய்ச்சிக்காகக் காத்திருந்தது. திருவள்ளூரில் கலெக்டரிடம் மனு கொடுக்கும்போதெல்லாம் "ஆதாரம் இருக்கா?" என்று கேட்டிருந்தார்கள். ஒரு வருடத்துத் தாள்கள் ஆதாரமாகும் என்று நம்பினார்கள்.

வருடம் முடிந்து எல்லாத் தாளையும் மொத்தமாகச் சோதித்த பிறகு ரேவதி இரண்டு டப்பாக்களோடு வந்தார். நானும் அன்று அங்கே இருந்தேன். ஒரு டப்பாவில் நாலு வீடு தள்ளி இருந்த மாடியின் தாள், அடுப்புக்கரி மாதிரி இருந்தது. மற்றது எங்கள் வீட்டுத் தாள், லேசாகப் பழுப்பேறி இருந்தது. ஒரே தெரு, ஒரே நாள்.

"எப்படிம்மா இது?" என்றார் ரேவதி.

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்க ஊடு அப்டிதாம்மா. தினம் மாடியெல்லாம் தண்ணி தெளிச்சிப் பெருக்கிடுவேன். மிஷினு வாய ஈரத் துணி போட்டுத் தொடைப்பேன். பொக அதிகமா வந்துச்சின்னா பழைய பொடவய நனைச்சி அதும் மேல போத்திடுவேன்."

"போத்திட்டீங்களா?"

"பின்ன? கரி புடிச்ச பேப்பர எடுத்துக்கினு போனா நம்ம ஊடு அழுக்குன்னு எழுதிட மாட்டாங்களா?"

ரேவதி மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். கோபப்படவில்லை. தாள் கறுப்பானால் அது வீட்டின் அழுக்கு அல்ல, ஊர்க் காற்றின் அழுக்கு என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இதை முதல் நாளே சரியாகச் சொல்லாதது தன் தப்பு என்றும் சொன்னார். எங்கள் மாடிதான் ஆலைக்கு மிகப் பக்கம். அந்தக் கணக்கு இல்லாமல் அறிக்கை நிற்காது. அந்த வருடம் மனு போகவில்லை.

அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் ரேவதிக்குப் போன் போடச் சொன்னார். "இன்னொரு வருசம் வெய்யிம்மா. நான் கை வெக்க மாட்டேன்."

மறுபடி வைத்தார்கள். மாடியில் தண்ணீர் தெளிக்கக் கூடாது, பெருக்கக் கூடாது. அம்மாவுக்கு அதைவிடப் பெரிய தண்டனையை யாரும் கொடுத்திருக்க முடியாது. கரி ஓரங்களில் சேர்ந்து திட்டுத் திட்டாகக் கிடந்தது. மாடிக்குப் போனால் தாளை மட்டும் பார்த்து வேலையை முடித்துவிட்டு இறங்கிவிடுவார்.

நாலாம் மாதம் மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், நுரையீரல் பாதிக்கு மேல் கெட்டிருக்கிறது, முதலில் அந்த இடத்தை விட்டு வெளியேறுங்கள் என்றார். நான் வேப்பம்பட்டில் முன்னறையைக் காலி செய்து கட்டில் போட்டுவிட்டு அழைத்துப்போக வந்தேன். அம்மா அசையவில்லை.

"பேப்பரு யாருடி மாத்துவா? உங்க நைனாவா? அந்தாளுக்குக் கை நடுங்குது."

"பக்கத்து ஊட்ல சொல்லும்மா."

"நான் பண்ண தப்ப அவ வந்து சரி பண்ணுவாளா?"

"உனுக்கு உசுரு பெருசா, பேப்பரு பெருசா?"

அம்மா யோசித்துத்தான் பதில் சொன்னார். "இந்தத் தெருவுல இன்னும் எத்தினி பேரு இருமறாங்க தெரியுமா? உனுக்குத் தெரியாது. நீ வேப்பம்பட்டுல கீற."

நான் கத்தினேன். ஒரு மாதம் பேசாமல்கூட இருந்தேன். பிறகு மனசு கேட்காமல் ஞாயிறுதோறும் பேசின் பிரிட்ஜில் ரயில் மாறி வந்துபோனேன். ஒவ்வொரு முறையும் அம்மா கொஞ்சம் சின்னதாகியிருந்தார். மாடிக்குப் பதினாறு படி. ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து எழுந்து ஏறினார். ஒன்பதாம் மாதம் ரேவதியே "போதும்மா, விட்டுடுங்க" என்று அழுதார். அம்மா கேட்கவில்லை. பதினோராம் மாதம், ஒரு வியாழக்கிழமை காலை, நைனா கஞ்சி எடுத்து வருவதற்குள் அம்மா போய்விட்டார்.

மாலையில் எடுத்தார்கள். பெண்கள் வீடு கழுவ வாளியோடு எழுந்தார்கள். அன்று தாள் மாற்றும் நாள். சித்தி படியில் கால் வைத்ததும் நான் குறுக்கே போய் நின்றேன்.

"சாவு ஊட்டக் கழுவாம உடக் கூடாது கண்ணு. தள்ளு."

"கீழ கழுவுங்க சித்தி. மாடில ஒரு சொட்டுத் தண்ணி வுழக் கூடாது."

பலருக்கு அது பிடிக்கவில்லை. துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று சிலரும், படித்த திமிர் என்று சிலரும் சொன்னதாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன். அன்று காரணத்தை விளக்கும் நிலையில் நான் இல்லை. இப்போது சொல்லியாகிவிட்டது. தனியாக மேலே போனேன். அம்மா மாற்றுவதைப் பார்த்திருக்கிறேனே தவிர நான் மாற்றியதில்லை. இரண்டு தடவை இடுக்கி நழுவியது. எடுத்த தாள் கறுப்பாக இருந்தது. அம்மா கடைசியாக இழுத்த மூச்சும் அதே காற்றுதான் என்று நினைத்ததும் அங்கேயே, அந்தக் கரியிலேயே, உட்கார்ந்து அழுதேன்.

மீதி நாட்களுக்கு லீவு போட்டு அங்கேயே தங்கி வருடத்தை முடித்தேன். கடைசித் தாளை எடுத்த அன்று மாடியைக் கழுவினேன். மறுநாள் காலை மறுபடி கரி கிடந்தது. அறிக்கையோடு தெருக்காரர்கள், குறைதீர் நாளான ஒரு திங்கட்கிழமை, கலெக்டரிடம் மனு கொடுத்தார்கள். ஆதாரம் இருக்கிறதா என்று இந்த முறை யாரும் கேட்கவில்லை. இன்னும் பதிலும் வரவில்லை.

அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய பக்கத்து வீட்டாருக்கும், ஆட்டோவுக்குக் கடைசிவரை காசு வாங்காத தெருத் தம்பிகளுக்கும், காரியங்களை முன்நின்று நடத்திய சித்தப்பாவுக்கும், அன்று என்மேல் கோபப்பட்டாலும் வாளியைக் கீழே வைத்த சித்திக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. ரேவதிக்கு நன்றி என்று ஒரு வார்த்தையில் முடிக்க எனக்குத் தெரியவில்லை.

அவரிடம் ஒன்று கேட்டேன்: அம்மா இதனால்தான் இறந்தார் என்று அறிக்கையில் எழுதுவீர்களா? அவர் தலைகுனிந்து, ஒரு தனி ஆளுக்கு அப்படி எழுத முடியாது என்றார். அம்மா முன்பு விறகடுப்பில் சமைத்திருக்கிறார், வேறு காரணங்களும் சேர்ந்திருக்கலாம், ஊருக்குப் பொதுவாகச் சொல்லலாம், ஒருவருக்கு அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்று விளக்கினார். அவர் சொன்னது நியாயம்தான். டாக்டர் எழுதிக் கொடுத்த இறப்புச் சான்றிதழிலும் மூச்சுத் திணறல் என்று மட்டும் இருக்கிறது. ஆனால் இந்த மலரை எழுதுவது நான். எங்கள் ஊர்க் காற்றை முப்பத்தைந்து வருடம் சுவாசித்ததால் என் அம்மா இறந்தார்.