மூன்றாம் நடையில் ஒழுகும் பம்பு

மாரி தொடங்குவதற்கு முந்திய அந்த நாட்களில் எனக்கு ஓரிடத்தில் இருக்கப் பிடிக்கவில்லை. அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருக்கும். நான் குசினியை விட்டு எழும்பி மாட்டுக்கொட்டிலின் பின்பக்கம் போய்க் குழியை எட்டிப் பார்ப்பேன். சாணியும் மூத்திரமும் கொட்டில் கழுவிய தண்ணீரும் வந்து சேரும் பெரிய சீமெந்துக் குழி. விளிம்புக்கு ஒரு சாண் கீழே வந்துவிட்டது. ஒரு பெருமழை போதும், வழிந்துவிடும். வழிந்தால் வேலிக்கு அந்தப் பக்கம் பள்ளத்தில் இருக்கும் அக்காவின் கிணற்றுக்குத்தான் போகும்.

அக்கா எனக்குச் சொந்தமில்லை. சிறுபிள்ளையில் தாய் தகப்பனோடு மலையகத்திலிருந்து வட்டக்கச்சிக்கு வந்தவர். தனியாளாக நின்று தோட்டத்தில் கச்சானும் (நிலக்கடலை) மிளகாயும் செய்கிறார். அவர் குடிப்பது அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான்.

குழியை இறைக்க எங்களிடம் ஒரு பழைய பவுசர், சில்லு வைத்த பெரிய தாங்கி, உண்டு. உழவு இயந்திரத்தின் பின்னால் கொளுவி இழுப்பது. அதன் முன்புறத்தில் இருக்கும் பம்பு, தாங்கிக்குள் உள்ள காற்றை உறிஞ்சி வெளியே விடும். அப்போது தடித்த குழாய் வழியாகக் குழியிலுள்ள கரைசல் தாங்கிக்குள் ஏறும். காணிக்குள் போய்ப் பம்பின் பிடியை மறுபக்கம் திருப்பினால், அதே பம்பு காற்றை உள்ளே அழுத்தும். கரைசல் பின்னால் விசிறிக்கொண்டு போகும். என் கணவர் உழவு இயந்திரத்தில் இருப்பார். நான் பம்பின் பக்கத்தில் நிற்பேன். அவருக்கு வலது காது அறவே கேளாது, இடது காதில் உரத்துச் சொல்ல வேண்டும். சண்டை நடந்த ஊர், ஏன் என்று இங்கே ஒருவரும் கேட்பதில்லை. பம்பின் சத்தம் மாறினால் நான் கையைத் தூக்குவேன், அவர் நிறுத்துவார். எங்களுக்கு அது பழகிவிட்டது.

அந்தப் பம்புதான் ஒயில் ஒழுகத் தொடங்கியது. பம்பைச் சுழற்றும் தண்டு உள்ளே போகிற இடத்தில் கறுப்பாக ஊறி, சொட்டுச் சொட்டாக மண்ணில் விழுந்தது. கிளிநொச்சியில் ஒரு கராஜுக்குக் கொண்டு போனோம். அங்கே தண்டைச் சுற்றி ஒயிலை அடைக்கும் 'சீல்' என்ற ரப்பர் வளையத்தை மாற்றினார்கள். முற்றத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் ஓட்டிக் காட்டினார்கள். ஒரு சொட்டும் இல்லை. வீட்டுக்கு வந்து வேலையைத் தொடங்கினால் மத்தியானத்துக்குள் பழையபடி ஒழுகியது. திரும்பவும் கொண்டு போனோம். திரும்பவும் சீல், திரும்பவும் முற்றத்தில் ஓட்டம், திரும்பவும் வீட்டில் ஒழுக்கு.

"சீல்தான். கள்ளச் சாமான் போட்டிருக்கிறாங்கள்" என்றார் கணவர்.

எங்கள் வயலில் அப்போது நெல் விதைத்தாகிவிட்டது. கரைசல் விட அக்காவின் தோட்டம் ஒன்றுதான் மிச்சம். அவரே ஆசைப்பட்டுக் கேட்டிருந்தார். முதல் நாள் அங்கே கொஞ்சம் விட்டோம். ஆனால் அடுத்த நாள் பவுசர் வேலி இடைவெளிக்குள் நுழையும்போது குறுக்கே வந்து நின்றார்.

"தங்கச்சி, மிசினை நிப்பாட்டச் சொல்லுங்க."

நான் கையைத் தூக்கினேன்.

"நேத்து நீங்க விட்டுட்டுப் போன எடத்துல தண்ணி மேல கலர் கலரா மிதக்குது. சாணிதானே நான் கேட்டேன், எண்ணெயா கேட்டேன்? கீழ கெணறு இருக்கு."

"சரி பண்ணிப்போட்டு வாறம் அக்கா."

"சரி பண்ணிட்டு வாங்க. அதுவரைக்கும் உள்ள வராதீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் அந்தரமாக இருந்தது. நிறைந்த பவுசரைத் திருப்பிக் கொண்டுவந்து குழிக்குள்ளேயே கொட்டினோம். ஆனையிறவுப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

மறுநாள் பால் கறந்து முடிந்ததும் கணவர் இன்னொரு சீல் தேடிப் பளைக்குப் போனார். எனக்கு வீட்டுக்குள் கால் நிற்கவில்லை. எங்கிருந்து ஒழுகுகிறது என்பதையே நாங்கள் ஒருநாளும் சரியாகப் பார்க்கவில்லை என்று பட்டது. எல்லா இடமும் ஒயிலும் புழுதியும் அப்பிக் கிடந்தால் எதைக் கண்டுபிடிப்பது? மண்ணெண்ணெயும் பழைய தூரிகையும் எடுத்துப் பம்பைத் தேய்த்துக் கழுவினேன். சேலைத் துண்டால் ஈரம் துடைத்தேன். பிறகு முகத்துக்குப் போடும் பவுடர் டின்னைத் திறந்து பம்பு முழுக்கத் தூவினேன். வெள்ளையில் எந்த ஈரமும் உடனே தெரியும்.

அவர் வந்து பார்த்துவிட்டு, "உதென்ன, பம்புக்குக் கலியாணமே?" என்றார்.

"இஞ்சையப்பா, சீலைக் கழட்டாதேங்கோ. முதல்ல ஓட்டிப் பாப்பம்."

குழியிலிருந்து ஏற்றி, திரும்பக் குழிக்குள்ளேயே விட்டோம். முதல் நடையில் பவுடர் வெள்ளையாகவே இருந்தது. இரண்டாவதிலும் அப்படித்தான். மூன்றாவது நடையில், பம்பின் உடம்பு தொட முடியாதபடி சூடானபோது, தண்டின் கீழே ஒரு மெல்லிய கறுப்புக் கோடு இறங்கியது. நான் கையைத் தூக்கினேன். எல்லாம் நின்றது.

கராஜில் ஏன் ஒழுகவில்லை என்று அப்போது விளங்கியது. அவர்கள் பம்பைச் சூடாகும் வரை ஓட்டவேயில்லை.

"சூட்டில சீல் இளகுது, அவ்வளவுதான்" என்று அவர் பக்கத்திலிருந்த ஒயில் ஊற்றும் திருகை இளக்கினார், மட்டம் பார்ப்பதற்கு. திருகு அசைந்தவுடன் 'உஸ்ஸ்' என்று காற்றுச் சீறியது.

"கேட்டதே?"

"என்னத்தை?"

"உள்ளுக்க இருந்து காத்து வந்தது. சீறிக்கொண்டு."

அவர் திருகு கழற்றும் சாவியைக் கீழே வைத்தார். "எனக்குக் கேக்காதெண்டு தெரிஞ்சுகொண்டுதானே கேக்கிறீர்."

அவர் அப்படிச் சொல்வது வழக்கமில்லை. போய் உழவு இயந்திரத்தின் சில்லோடு சாய்ந்து நின்றுகொண்டார். நான் திருகை இறுக்கிவிட்டு அவரிடம் போனேன். "இன்னொருக்கா ஓட்டுங்கோ. சூடேறட்டும்" என்று கத்திச் சொன்னேன். அவர் ஏறி ஓட்டினார். நிறுத்தி, தண்டு அசைவற்று நின்றபின், அவருடைய கையைப் பிடித்து இழுத்து வந்தேன். அவரின் சுட்டு விரலைத் திருகின் விளிம்பில் வைத்து, மற்றக் கையால் மெல்ல இளக்கினேன்.

அவருடைய முகம் மாறியது. விரலை எடுத்துப் பார்த்தார். நுனியில் ஒயில் பொடித்திருந்தது.

"காத்து அடைபட்டுக் கிடக்குது" என்றார். "சூடேற ஏற உள்ளுக்க அமுக்கம் கூடுது. போக வழியில்லாமல் சீலைத் தள்ளிக்கொண்டு வருது. அப்ப மூச்சுத் துளை எங்க?"

அதன்பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. பம்பின் மேற்பக்கத்தைத் தடவித் தடவிப் போய், நான் கழுவும்போது ஆணியின் தலை என்று நினைத்து விட்டுவிட்ட ஒரு சின்ன மூடியில் நின்றார். கழற்றினார். அதற்குள் ஒரு துளை இருந்திருக்க வேண்டும். இருந்தது கல்லுப்போல் இறுகிய மண். கம்பியால் குத்தினார். மண்ணோடு காய்ந்த சிலந்திகள் இரண்டு விழுந்தன. குளவி ஒன்று வந்து கூடு கட்டி, குஞ்சுக்குச் சாப்பாடும் வைத்து அடைத்துவிட்டுப் போயிருக்கிறது.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. அந்தக் கிழமையில் நாங்கள் இருவரும் சிரித்தது அப்போதுதான்.

துளையைக் கழுவி மூடியைப் போட்டு நாலைந்து நடை ஓட்டினோம். தண்டடியில் பவுடர் காய்ந்தபடியே இருந்தது. நான் வேலிக்கு ஓடிப்போய் அக்காவைக் கூப்பிட்டேன். அவர் வந்து, குனிந்து, எல்லாவற்றையும் பார்த்தார்.

"நல்லது. ஆனா இது மண்ணுல தானே சொட்டுது? சாணித் தண்ணி மேல மிதந்தது எப்பிடி உள்ள போச்சு?"

அவர் கேட்டது சரி. பம்பின் உள் தகடுகள் தேயாமல் இருக்க ஒரு சின்னக் குழாயால் ஒயில் சொட்டிக்கொண்டிருக்கும். ஒழுகுவதைக் கண்டு பயந்து, பம்பு காய்ந்துபோகக் கூடாதென்று கணவர் அந்தச் சொட்டைத் தாராளமாகத் திறந்துவிட்டிருந்தார். கரைசலை வெளியே தள்ளும்போது அந்த ஒயிலும் காற்றோடு தாங்கிக்குள் போயிருக்கிறது. அதைக் குறைத்தார். பிறகு ஒரு வெள்ளைப் பேசின் பாத்திரத்தில் கரைசல் பிடித்து, தண்ணீர் கலந்து, வெயிலில் வைத்தோம். அக்கா கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார். மேலே நிறம் எதுவும் மிதக்கவில்லை.

"சரி, வாங்க" என்றார் கடைசியில்.

அன்றும் அடுத்த நாளும் நடைக்கு மேல் நடை. ஒவ்வொரு தடவையும் பம்புக்குக் கீழே குனிந்து பார்த்தேன். சத்தம் சரியாக இருந்தாலும் குனிந்தேன். "என்ன தேடுறீர்?" என்று கணவர் இரண்டு தரம் கேட்டார். எனக்கே தெரியவில்லை. குழி பாதிக்கு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. சில்லுகள் சேற்றில் புதைய, பவுசரை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தோம்.

மழை விடாமல் பெய்தது. அக்கா சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மண்வெட்டியோடு வந்தார். குழியின் பள்ளப் பக்கத்தில் அவரும் கணவரும் நானும் சேர்ந்து வரம்பு கட்டினோம். குழி ஏறியது, ஆனால் வழியவில்லை. மழை விட்ட அன்று காலை அக்கா கிணற்றில் அள்ளி, முகர்ந்து பார்த்து, ஒரு வாய் குடித்தார். "ஒண்ணுமில்ல" என்று வேலிக்கு மேலால் சொன்னார்.

நான் தலையாட்டினேன். பிறகு பவுசரைச் சேற்றிலிருந்து இழுத்தெடுக்க இன்னொரு உழவு இயந்திரம் யாரிடம் கேட்கலாம் என்று யோசித்துக்கொண்டே செருப்பைத் தேடினேன்.