கழுத்துக் கறுப்பு

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். பாதியில் மறந்தும் போகிறது. ஆள் முன்னால் பேசக் கூச்சம் என்பதால்தான் எழுதுகிறேன்.

இது பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பற்றியது. அவள் அப்பா துபாயில் இருக்கிறார். அம்மாவுக்கு நாகர்கோவிலில் துணிக்கடை வேலை. பள்ளிக்கூட வேன் பிள்ளையை என் வீட்டு வாசலில் இறக்கிவிடும். இருட்டி அம்மா வரும்வரை என்னோடுதான் இருப்பாள். நாலாம் வகுப்பு. தடித்த பிள்ளை. அதை யாரும் குறையாக நினைக்கவில்லை. லீவில் வரும் அப்பா பெட்டி நிறைய மிட்டாய் கொண்டுவந்து, "இப்பம்தான் மக்கா, பாக்க ஐசுவரியமா இருக்கு" என்பார். கண் பட்டுவிடும் என்று நானே உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டிருக்கிறேன்.

சித்தி கல்யாணத்துக்குச் சட்டை போட்டுப் பார்க்கும்போதுதான் அம்மா அந்தக் கழுத்தைக் கவனித்தாள். பின்பக்கம் முழுக்கக் கறுத்து, மடிப்பு மடிப்பாக இருந்தது.

"ஏட்டி, இது என்ன அழுக்கு? குளிக்கியா, இல்ல சும்மா தண்ணிய ஊத்திட்டு வாறியா?"

"தேச்சுதாம்மா குளிக்கேன்."

"தேச்ச லட்சணம் தெரியுது."

சந்தையிலிருந்து இஞ்சை வாங்கி வந்தாள். மரப்பட்டையை இடித்து நாராக்கி விற்பார்கள். உடம்பு தேய்க்க எங்கள் பக்கம் அதுதான். குழாயடியில் பிள்ளையை உட்காரவைத்து, பயற்றம் மாவும் போட்டுத் தேய்த்தாள். கல்யாணம்வரை தினமும் அது நடந்தது. பிள்ளை குழாயைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிப்பாள். தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. கறுப்பு போகவில்லை. கல்யாணத்தன்று முடியை அவிழ்த்துவிட்டு மறைத்தார்கள்.

புண் சீழ் வைத்ததால் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா புண்ணைவிடக் கறுப்பைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

"இது அழுக்கு இல்லம்மா, தேச்சா போகாது. எடை கூடி, ரத்தத்துல சர்க்கரை ஏறப் பாக்குது. அதுக்கு அடையாளம் இது."

ரத்தம் எடுத்துப் பார்த்ததிலும் அப்படித்தான் வந்தது. பேக்கரிப் பலகாரம் கூடாது, தினமும் ஒரு மணி நேரமாவது ஓடி விளையாட வேண்டும், மூன்று மாதத்தில் குறையாவிட்டால் மாத்திரை என்றார். அம்மா என் கையைப் பிடித்து, "மாமி, நீங்கதான் பாத்துக்கிடணும்" என்றாள்.

எங்கே கொண்டுபோய் ஓடவிட? எதிரே வயலாக இருந்தது இப்போது பிளாட்; கல் நட்டுக் கம்பி கட்டியிருக்கிறார்கள். குளத்தில் கல்யாண மண்டபத்துச் சாக்கடை விழுகிறது. பள்ளிக்கூட மைதானத்தைக் கேட்டால், "மணி அடிச்சா பூட்டிரணும்னு உத்தரவாக்கும்" என்றார் காவல்காரர்.

"அப்பம் விளையாட்டு பீரியட்ல ஓடு மக்கா."

"அதுல கணக்கு டீச்சர்லா வருவாங்க, ஆச்சி."

ரோட்டில் நடந்தோம். களியக்காவிளைக்குக் கல் ஏற்றிப் போகும் லாரிகள் உரசிக்கொண்டு போகும். பிள்ளை என் முந்தானையை விடமாட்டாள். முக்கில் போய்த் திரும்புகிற இடத்தில் பேக்கரி. பப்ஸ் வாசனையில் அவள் கால் தானாக நின்றுவிடும். கடைக்காரர், "துபாய்க்காரன் மவள சும்மா அனுப்பப்பிடாதுல்லா" என்று கேக்கை நீட்டுவார். வேண்டாம் என்று கடுத்துச் சொல்ல எனக்கு வாய் வராது. பிள்ளையே பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். கண் மட்டும் கேக்கிலேயே இருக்கும்.

ஒருநாள் லாரி ஒன்று ஒதுங்கி வந்ததில் இரண்டு பேரும் ஓடையில் விழுந்தோம். அதோடு அம்மா ரோட்டுக்குப் போக வேண்டாம் என்றுவிட்டாள். அடுக்களைக்கும் முன்வாசலுக்குமாக வீட்டுக்குள் நடந்தோம். பிள்ளைக்கு மூச்சு வாங்கும், எனக்கு முட்டு வலிக்கும். கொஞ்ச நாளில் இரண்டு பேரும் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டோம்.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது சர்க்கரை குறையவில்லை, கூடியிருந்தது.

பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பிள்ளை என்னிடம் மெல்லக் கேட்டாள்: "ஆச்சி, எனக்கும் ஒங்களுக்கும் ஒரே மாத்திரையா?"

ஆமாம். அதே மாத்திரைதான், அளவு குறைவு.

சாயங்கால மாத்திரையை நான்தான் கொடுக்கிறேன். டாக்டரம்மா சொன்னதில் ஏதாவது பிசகாக எழுதியிருந்தால் பிள்ளையின் அம்மா படித்துத் திருத்தட்டும். நான் சாப்பிட்ட பிறகுதான் போடுகிறேன்; பிள்ளைக்கும் அப்படித்தான் சொன்னார் என்று நினைவு. அதை மட்டும் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள்.